தோதகத்தி என்னும் ஈட்டி: ஓர் அணிமரத்தின் இயல்பும் பயனும்

மரங்களைப் பயன்நோக்கி வகைப்படுத்துவோர், பாரம் தாங்குவதற்கு உரியவை, எரிப்பதற்கு உரியவை, கூழாக்கிக் காகிதம் செய்வதற்கு உரியவை என்றெல்லாம் பிரித்தபின், நிறமும் வரியும் மெருகும் கருதி விரும்பப்படும் மரங்களை அணிமரம் என்று தனியே நிறுத்துவர். இவற்றுள் பெரும்பாலானவை வன்மரங்கள். வன்மரம் என்பது தாவரவியலில் கடினத்தைக் குறிக்கும் சொல் அன்று. ஊசியிலை மரங்களிலிருந்து வேறுபடுத்தி, பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்கள் அனைத்தையும் குறிக்கும் சொல்லாதலால், நகத்தால் கீறினாலே தழும்பு விழும் முருங்கையும் இலவும்கூட அந்தக் கணக்கில் வன்மரங்களே ஆகும். பெயரளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வன்மரமாகவும், அழகில் அணிமரமாகவும் ஒருங்கே விளங்கும் தென்னிந்திய மரங்களில் முதன்மையானது ஈட்டி. அதன் நிறமும் மணமும் உறுதியும் உழைப்பும் யாவும் அடிமரத்தின் நடுவில் முதிர்ந்த வைரப்பகுதியில் சேர்ந்த பொருள்களால் வருபவை. அப்பொருள்கள் சேர்வதற்கு ஒரு மனித ஆயுளுக்கு மேற்பட்ட காலம் வேண்டும். ஈட்டியின் இயல்பையும் பயனையும் பற்றிய எந்த ஆராய்ச்சியும் இந்தக் காலக்கணக்கை விட்டு விலகி நடக்க இயலாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

தமிழில் இம்மரத்துக்கு ஈட்டி, தோதகத்தி என்னும் இரு பெயர்கள் பரவலாக வழங்குகின்றன. அகராதிகள் நூக்கம் என்ற சொல்லையும் தருகின்றன. மலையாளத்தில் ஈட்டி அல்லது வீட்டி என்றும், கன்னடத்தில் பீட்டெ என்றும், தெலுங்கில் சிட்டேகி, இருகுடு என்றும், மராத்தியில் சிசவ் என்றும் கூறுவர். கடைத்தெருவில் ரோஸ்வுட் என்ற ஆங்கிலப் பெயரே நிலைத்துவிட்டது. அப்பெயர் பூவின் நிறத்தாலோ மரத்தின் நிறத்தாலோ வந்ததன்று. இவ்வினத்து மரங்களைப் புதிதாக அறுக்கும்போது எழும் ரோஜாவை ஒத்த நறுமணத்தால் வந்தது. தாவரவியற் பெயரான டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா என்பதில் முற்பகுதி ஸ்வீடன் நாட்டு டால்பெர்க் சகோதரர்களின் நினைவாக இடப்பட்டது. பிற்பகுதிக்கு அகன்ற இலையுடையது என்று பொருள். சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் படங்களுடன் விவரித்த பெருநூலில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பெயரைச் சூட்டியவர் வில்லியம் ராக்ஸ்பர்க்.

ஈட்டி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூவரசும் வேம்பும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் இலை சற்றுப் புதுமையாகத் தோன்றும். ஒரு காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் எதிரெதிராக அமையாமல் மாறி மாறி அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ வட்டமாக, நுனியில் சிறிது உள்வாங்கி இருக்கும். பூக்கள் சிறியவை, வெண்மையானவை. காய் தட்டையானது, முற்றினாலும் வெடிக்காமல் காற்றில் பறந்து விழும். நல்ல மண்ணும் மழையும் வாய்த்த இடங்களில் மரம் 30 மீட்டருக்கு மேலும் உயர்ந்து, உருண்டு திரண்ட அடிமரத்தோடு நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர இலையுதிர் காடுகளே இதன் சிறந்த இருப்பிடம். நீலகிரியின் கூடலூர், முதுமலைப் பகுதிகளிலும், ஆனைமலையிலும், வயநாட்டிலும், குடகிலும் தேக்கோடும் மருதோடும் வேங்கையோடும் கலந்து வளர்வதைக் காணலாம். நடு இந்தியாவிலும், இமய அடிவாரத்தின் கிழக்குப் பகுதியிலும் இம்மரம் உண்டு எனினும், அங்கு அது தெற்கில் அடையும் பருமனை அடைவதில்லை. தேக்கைப் போல ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கும் வழக்கம் இதற்கு இல்லை. காட்டில் ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகச் சிதறியே நிற்கும். ஈட்டிக்கு அருமை வந்ததற்கு இச்சிதறலும் ஒரு காரணம்.

எந்த மரத்தின் குறுக்குவெட்டையும் நோக்கினால் பட்டைக்கு அடுத்து வெளிறிய வளையமும், நடுவில் நிறம் முதிர்ந்த பகுதியும் தெரியும். வெளிவளையம் நீரைக் கடத்தும் உயிர்ப்பகுதி. இதனைத் தச்சர்கள் வெள்ளை என்பர், பழைய வழக்கில் வெளிறு. நடுப்பகுதி வைரம் அல்லது சேகு. மரம் முதிர முதிர, உட்புற உயிரணுக்கள் தம் சேமிப்புப் பொருள்களைப் பிசினாகவும் நிறமியாகவும் காப்புப் பொருளாகவும் மாற்றித் தாமே மடிகின்றன. அந்தக் கிடங்கே வைரம். ஈட்டியில் வெள்ளை குறுகியது, இளமஞ்சள் நிறமுடையது, பூச்சிக்கு எளிதில் இரையாவது. வைரமோ பொன்கலந்த பழுப்பிலிருந்து ஊதா படர்ந்த கரும்பழுப்பு வரை பல சாயல்களில் அமைந்து, இடையிடையே கருங்கோடுகள் ஓடப் பெற்றிருக்கும். புதிதாக அறுத்த பலகையில் ஊதா நிறம் கூர்மையாகத் தெரியும்; காற்றும் வெளிச்சமும் பட்டபின் அது அடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லக் கருமையை நோக்கி நகரும். பழைய வீடுகளின் ஈட்டி நாற்காலிகள் கருங்காலியோ என்று மயங்கவைக்கும் அளவுக்கு இருண்டு கிடப்பது இதனாலேயே. மும்பைக் கருமரம் என்று 19ஆம் நூற்றாண்டு வணிகர்கள் இதனை அழைத்ததும் அந்நிறத்தை நோக்கியே.

வைரத்தின் அழகு நிறத்தோடு முடிவதில்லை. ஈட்டியின் நார்கள் ஒரே திசையில் நேராக ஏறாமல், சில ஆண்டு வளர்ச்சியில் ஒருபுறமும் அடுத்த சில ஆண்டு வளர்ச்சியில் மறுபுறமுமாகச் சாய்ந்து ஏறுகின்றன. பின்னல் இழையோட்டம் எனத்தக்க இவ்வமைப்பால், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்தின் வழியே அறுத்த பலகையில், ஒளி ஒரு பட்டையில் மின்னி அடுத்த பட்டையில் மங்கி, பார்ப்பவர் நகரும்போது இடம் மாறிக்கொள்ளும். வளையத்தைத் தொட்டுச் செல்லும் திசையில் அறுத்தாலோ கருங்கோடுகள் மலைமுகடுகள் போல அடுக்கடுக்காக எழும். அப்பலகையின் மேல் மிக நுண்ணிய கிடைக்கோடுகள் நீரலை போல் ஓடுவதையும் உருப்பெருக்கியால் காணலாம். மரத்தின் உடலில் ஊடாகச் செல்லும் கதிர்த்திசுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்திருப்பதன் வெளித்தோற்றம் அது. இவ்வலைக்கோடு டால்பெர்ஜியா பேரினத்தை அடையாளம் காண உதவும் குறிகளில் ஒன்று.

அளவுகளைப் பார்த்தால் இம்மரத்தின் இடம் தெளிவாகும். காற்றில் உலர்ந்த ஈட்டி ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 830 முதல் 850 கிலோ எடையுள்ளது. தேக்கு சுமார் 650 கிலோ. கடினத்தை அளக்க, 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி வரை மரத்துள் அழுத்துவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கும் ஜான்கா முறை வழக்கில் உள்ளது. அம்முறையில் ஈட்டிக்கு ஏறத்தாழ 10,900 நியூட்டன் விசை தேவைப்பட, தேக்குக்கு அதில் பாதிக்கும் குறைவே போதுமாகிறது. இவ்வளவு கனத்த மரங்கள் உலரும்போது கடுமையாகச் சுருங்குவது பொது வழக்காயிருக்க, ஈட்டி பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை ஆரத்திசையில் சுமார் 2.7 விழுக்காடும், வளையத் திசையில் சுமார் 5.9 விழுக்காடும் மட்டுமே சுருங்குகிறது. இந்த அளவு, ஈட்டியைவிட மிக மென்மையான தேக்கின் சுருக்கத்துக்கு நெருங்கியது. கனமும் கடினமும் ஒருபக்கம், அசையாமல் நிற்கும் குணம் மறுபக்கம் என இரண்டும் ஒரே மரத்தில் சேர்வது அரிது. ஈட்டியின் பயன்களுள் பெரும்பாலானவை இந்தச் சேர்க்கையிலிருந்தே பிறக்கின்றன. நாரிடையே நிறைந்துள்ள பிசின்பொருள்கள் ஈரம் புகவும் வெளியேறவும் இடங்கொடாமையே அசைவின்மைக்கு ஒரு காரணம். வைரத்தைக் கறையானும் பூஞ்சையும் எளிதில் அணுகாமைக்கும் அவையே பொறுப்பு. இம்மரத்தின் பெயரிலேயே லாட்டிஃபோலின் என்று அழைக்கப்படும் வேதிப்பொருளும் அவற்றுள் அடங்கும்.

இக்குணங்களைப் பெற்ற மரம் தச்சனிடம் எளிதில் பணிவதில்லை. பின்னல் இழையோட்டம் இருப்பதால் இழைப்புளியை ஒரு திசையில் ஓட்டினால் ஒரு பட்டை வழுவழுப்பாகவும் அடுத்த பட்டை பிய்ந்தும் வரும். கூர்மையான அலகை மிக மெல்லிய சீவலுக்கு அமைத்துப் பொறுமையாக இழைக்க வேண்டும். சில மரங்களின் குழல்களில், அதாவது நீர் ஏறும் நுண்துளைகளில், சுண்ணாம்புப் படிவு உறைந்து கிடப்பதுண்டு. வாளும் உளியும் அதில் பட்டால் சில நிமிடங்களில் முனை மழுங்கும். உலர்த்துவதிலும் அவசரம் கூடாது. வெயிலில் போட்டால் முனைகள் வெடித்து, மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் விழும். பச்சையாகவே பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, காற்றோட்டமுள்ள நிழலில் மெதுவாக உலரவிடுவதே நெடுநாள் வழக்கம். சூளையில் கட்டுப்பாட்டோடு உலர்த்தும்போது நிறம் கெடாமல் மேலும் செழிப்பதாக மரநூலோர் குறித்துள்ளனர்.

மெருகிடுவதில் வேறொரு சிக்கல் எழுகிறது. மரத்தில் நிறைந்த பிசின்பொருள்கள் எண்ணெய் சார்ந்த வார்னிஷும் பாலியெஸ்டர் பூச்சும் இறுகவிடாமல் தடுப்பதால், பல நாள் கழிந்தும் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கக்கூடும். அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்த்து ஏற்றும் பழைய மெருகே இம்மரத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் அச்சாராயம் மரத்தின் ஊதா நிறத்தைக் கரைத்து வெளியே இழுக்கும். வெண்ணிறத் துண்டுகளைப் பதித்த வேலை அருகில் இருந்தால் கறை படியும் என்பதால் அப்பகுதியை முதலில் மூடிக்கொள்வர். பசை பிடிக்க வேண்டிய இடத்தையும் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைப்பது நலம். எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது மரத்தூள். கறையானைத் தடுக்கும் அதே வகைப் பொருள்கள் மனிதத் தோலையும் மூச்சுப்பாதையையும் உறுத்துகின்றன. டால்பெர்ஜியோன்கள் என்னும் சேர்மங்கள் ஒவ்வாமையை உண்டாக்குவது மருத்துவ நூல்களில் நன்கு பதிவானது. சிறு பட்டறைகளில் முகத்தில் துணியும் கட்டாமல் நாளெல்லாம் இத்தூளில் உழலும் தொழிலாளர்களின் நலம், ஈட்டிப் பொருளின் அழகைப் புகழ்வோரால் போதிய அளவு நினைக்கப்படவில்லை.

ஈட்டியின் முதற்பயன்கள் அலங்காரத்தைச் சார்ந்தவையாக இருக்கவில்லை. வலிமையும் அதிர்ச்சி தாங்கும் தன்மையும் கருதி வண்டிச்சக்கரம், கலப்பை, பீரங்கி வண்டி, வெடிமருந்துப் பெட்டி ஆகியவற்றுக்கு இது பயன்பட்டதை 19ஆம் நூற்றாண்டின் வனநூல்கள் விரிவாகப் பட்டியலிடுகின்றன. மலையடிவாரத்து உழவருக்கு அது அருகில் கிடைத்த உறுதியான மரம், அவ்வளவே. அணிமரம் என்ற மதிப்பு பெரும்பாலும் வணிகத்தோடு வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் ஆங்கிலேயக் கும்பினி அதிகாரிகளுக்காக மேசைகளும் எழுத்துப்பெட்டிகளும் நாற்காலிகளும் செய்தபோது, ஈட்டியின் கரும்பரப்பில் தந்தத்தைப் பதித்து, அத்தந்தத்தில் கொடியும் பூவும் கீறி, கீறலில் கருநிற அரக்கை நிரப்பினர். இருண்ட மரமும் வெண்தந்தமும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டிய அவ்வேலைப்பாடு இன்றும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் காணக் கிடைக்கிறது. அடுத்த நூற்றாண்டில் மும்பையில் செதுக்கு வேலை செறிந்த கருமரச் சாமான்கள் பெருகின. ஓர் அங்குலமும் வெறுமையாக விடாமல் இலையும் கொடியும் நிரப்பிய அச்சாமான்களில் மரத்தின் இயல்பான வரி மறைந்தே போயிற்று. மரத்தின் அழகை மரத்துக்கே விட்ட வேலை, செட்டிநாட்டு வீடுகளின் எளிய ஈட்டி நாற்காலிகளிலும் ஊஞ்சற் பலகைகளிலும் கூடுதலாகத் தென்படுகிறது; அகன்ற பலகை, நேர்கோடு, தேய்ந்து தேய்ந்து ஏறிய மெருகு என்ற மூன்றுமே அங்கு அணி.

ஈட்டியின் பெயரோடு பிரிக்கமுடியாமல் இணைந்த கைவினை மைசூர்ப் பதிப்பு வேலை. உடையார் மன்னர்களின் ஆதரவில் செழித்த இக்கலையின் உச்சத்தை மைசூர் அரண்மனையின் அம்பாவிலாச மண்டபத்தில் பார்க்கலாம். அங்குள்ள பிள்ளையார் சன்னதிக்குச் செல்லும் ஈட்டிக் கதவில் தந்தம் பதிக்கப்பட்டுள்ளது. முறை எளிதாகச் சொல்லத்தக்கது, செய்வது அரிது. முதலில் காகிதத்தில் வரைந்த உருவத்தை ஈட்டிப் பலகையில் படியெடுத்து, அவ்வடிவத்துக்குள் உளியால் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குழிப்பர். நுண்வாளால் வெட்டிய வேற்றுநிறத் துண்டுகளை மயிரிழையும் நுழையாதபடி அக்குழிக்குள் பசையிட்டு இறுக்கி, மேற்பரப்பை ஒரே மட்டமாக இழைத்துத் தேய்த்து, கண், விரல், ஆடை மடிப்பு முதலிய நுண்கோடுகளைக் கீறி நிரப்பி, இறுதியில் மெருகிடுவர். ஈட்டி ஈரப்பதத்துக்கு அசையாமல் நிற்பது இங்குதான் உயிர்நிலையாகிறது. குழித்த பலகை ஆண்டுதோறும் விரிந்து சுருங்குமானால் பதித்த துண்டுகள் ஒவ்வொன்றாகத் தெறித்துவிடும். தந்த வணிகம் முதலில் இந்தியச் சட்டத்தாலும் பின்னர் 1989இல் எடுக்கப்பட்ட பன்னாட்டு முடிவாலும் தடைப்பட்டபின், கைவினைஞர்கள் பலாவின் மஞ்சள் முதலாகப் பல மரங்களின் இயற்கை நிறங்களை நாடினர். மலிவான பொருள்களில் நெகிழியும் நுழைந்தது. யானைக்குக் கேடாயிருந்த ஒரு வழக்கம் ஒழிந்ததோடு, கலையிலும் இழப்பைவிட ஆக்கமே மிகுந்தது. ஒரே வெண்மைக்குப் பதிலாகப் பல மரங்களின் நிறங்கள் ஓவியம் போல் ஒன்றோடொன்று இழைந்தன. மைசூர் ஈட்டிப் பதிப்பு வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. கேரளத்தில் ஈட்டி யானைப் பொம்மைகள் செதுக்கும் மரபும் குறிப்பிடத்தக்கது.

விலை ஏற ஏற முழுப்பலகையாகப் பயன்படுத்துவது குறைந்து, மென்தகடு முன்னுக்கு வந்தது. வெனீர் என்று வணிகத்தில் வழங்கும் மென்தகடு, ஊறவைத்து வெப்பமூட்டிய கட்டையைக் கூரிய நீள் அலகால் அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுப்பது. கணக்குப்படி ஒரு கனமீட்டர் மரத்திலிருந்து 2,000 சதுரமீட்டர் தகடு கிடைக்க வேண்டும். கழிவு போகப் பாதி கிடைத்தாலும் பல அறைகளின் சுவர்களையும் மேசைகளையும் போர்த்தலாம். அடுத்தடுத்த தகடுகளைப் புத்தகம் விரித்தாற்போல எதிரெதிராக ஒட்டும்போது வரிகள் இருபுறமும் ஒத்து நின்று தனி அழகு தரும். உள்ளே சாதாரண மரமும் வெளியே ஈட்டியுமாக இருக்கும் பொருளைப் போலி என்று கருதும் மனப்பான்மை நம்மிடையே உண்டு. ஆனால் நூற்றாண்டு கண்ட மரத்தை மேசையின் உட்புறத்தில் ஒளித்துவைப்பதைவிட, கண்ணுக்குப் படும் பரப்பில் மட்டும் மெல்லியதாக விரிப்பதே அம்மரத்துக்குச் செய்யும் மரியாதை.

இதே சிக்கனத்தின் வேறு வடிவம் இசைக்கருவி. தமிழ்நாட்டு இசைக்கருவிகளுக்கு உரிய மரங்கள் வேறு; வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் பலா, நாகசுரத்துக்கு ஆச்சா என்பது மரபு. ஈட்டி உலக இசையரங்கில் ஏறியது கிதார் வழியாகவே. கிதாரின் முன்பலகை மெல்லிய ஊசியிலை மரத்தால் ஆனது. பின்பலகையும் பக்கங்களும் நெடுங்காலம் பிரேசில் நாட்டு டால்பெர்ஜியா நைக்ராவால் செய்யப்பட்டன. அம்மரம் கிடைப்பது அரிதாகவே, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. மற்றவர்களும் அவ்வழி சென்றனர். தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்கும் தன்மை இம்மரத்தின் சிறப்பு. அதிர்வு மரத்துக்குள் வெப்பமாக மாறி வீணாகும் அளவை உள்தணிப்பு என்பர். வைரத்திலுள்ள பிசின்பொருள்கள் அதனைக் குறைக்கின்றன. சூடேற்றினால் விரிசலின்றி வளைவதும், விரல்படும் கழுத்துப்பலகையில் மெருகேதுமின்றியே பல்லாண்டு தேயாமல் நிற்பதும் மேலும் இரு நன்மைகள். ஒரு கிதாரின் பின்பலகையும் பக்கங்களும் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேற்படாத கனமுள்ளவையாதலால், முடிந்த நிலையில் அவற்றின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவே. ஒரு கட்டிலுக்குச் செல்லும் மரத்தில் பல பத்து கிதார்கள் உருவாகலாம்.

எனினும் ஒலிக்கு ஈட்டி இன்றியமையாததா என்னும் வினா இப்போது வலுவாக எழுந்துள்ளது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பின்பலகையிலும் பக்கங்களிலும் மட்டும் வேறுபட்ட ஆறு கிதார்களை ஒரே கைத்திறனில் செய்வித்து, பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட் என்னும் ஆறு மரங்களையும் 52 கிதார்க் கலைஞர்களிடம் கண்ணுக்குப் புலப்படாத நிலையில் கொடுத்து வாசிக்கச் செய்தனர். கலைஞர்கள் தந்த மதிப்பீடுகளில் ஆறுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. விலை மிகுந்த மரமே சிறந்த ஒலி தரும் என்ற நம்பிக்கைக்கு அவ்வாய்வு இடந்தரவில்லை. இதனால் ஈட்டியின் ஒலியியற் குணங்கள் பொய்யாகிவிடவில்லை. ஆயினும் அவற்றால் கேட்போர் காதுக்கு வந்துசேரும் பயன், மரபும் வணிகமும் சொல்லிவந்த அளவினது அன்று என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஈட்டிக் கிதாரின் மதிப்பில் பெரும்பங்கு கண்ணுக்கும் கைக்கும் உரியது.

ஈட்டி என்ற பெயரில் விற்கப்படுவன எல்லாம் ஈட்டி அல்ல. வட இந்தியாவின் சீசம், அதாவது டால்பெர்ஜியா சிசு, இதன் நெருங்கிய உறவினம். ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் விரைந்து வளர்வது. பொன்பழுப்பு நிறமும் ஊதாச் சாயலற்ற கோடுகளும் உடையது. தன்னளவில் நல்ல மரமே எனினும், அதனை ரோஸ்வுட் என்று கூறி ஈட்டி விலைக்கு விற்பது முறையன்று. வேறு மரத்துக்குச் சாயமேற்றி விற்பதும் நடக்கிறது. சாராயம் நனைத்த வெண்துணியால் மறைவிடத்தில் தேய்த்தால் உண்மையான ஈட்டியிலிருந்து ஊதா நிறம் இறங்கும் என்பதைக் கிதார் செய்வோர் எளிய சோதனையாகக் கொள்கின்றனர். நீதிமன்றத்தில் நிற்கவல்ல சான்றுக்கு இது போதாது. அதற்கு உருப்பெருக்கியில் திசுவமைப்பை நோக்குவதோடு, மரச்சீவலிலிருந்து எழும் வேதிச்சேர்மங்களின் கைரேகையை நிறைமாலை அளவியால் பதிவுசெய்யும் முறையும், மரபணு ஒப்பீடும் கைக்கொள்ளப்படுகின்றன.

இத்தகைய சான்று தேவைப்படும் நிலைக்கு வணிகம் இம்மரத்தைக் கொண்டுவந்துவிட்டது. சீன அரசு 2000ஆம் ஆண்டில் செம்மரம் என்று அங்கு அழைக்கப்படும் மரங்களின் சாமான்களுக்கென வகுத்த தரநிலை 33 மரவினங்களை ஏற்றது. 2017இல் அது 29 ஆகத் திருத்தப்பட்டது. ஈட்டியும் அவ்வரிசையில் உண்டு. பழம்பெருமைச் சாமான்கள் மீது அங்கு பெருகிய ஆசையால் தென்கிழக்காசியா, மடகாஸ்கர், மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களின் ரோஸ்வுட் காடுகள் சூறையாடப்பட்டன. 2005 முதல் 2014 வரை உலகெங்கும் கைப்பற்றப்பட்ட காட்டுயிர்ப் பொருள்களின் மதிப்பில் சுமார் 35 விழுக்காடு ரோஸ்வுட் வகைகளுடையது என ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் 2016இல் கணக்கிட்டது. யானைத் தந்தமும் அதற்குப் பின்னரே வந்தது. கைப்பற்றப்பட்ட ரோஸ்வுட்டில் பெரும்பகுதி பிற நாட்டு மரங்களே எனினும், ஓரினத்தைத் தடுத்தால் அடுத்த இனத்தின் மேல் கோடரி விழும் என்பதை உணர்ந்து, அழிநிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 2016இல் ஜோகன்னஸ்பர்கில் நைக்ரா நீங்கலாக டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் வணிகத்தைத் தடைசெய்வதில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் உரிமச் சான்று கேட்கிறது. ஆனால் பெருங்கட்டை கடத்துவோரைவிடச் சிறு கைவினைஞர்களையும் இசைக்குழுக்களையும் அது முதலில் தாக்கியது. ஆதலால் 2019இல் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குத் தரப்பட்டது. 2022இல் பனாமாவில், ஒவ்வொரு பொருளிலும் உள்ள மரம் பத்துக் கிலோவுக்குக் குறைவாயின் எத்தனை பொருள்களையும் உரிமச் சான்றின்றி ஒரே சரக்காக அனுப்பலாம் என்ற தெளிவும் இந்தியாவின் முயற்சியால் பிறந்தது.

உள்நாட்டுச் சட்டங்கள் வேறு வரலாறு கொண்டவை. ஈட்டியைக் கட்டையாக வெளிநாட்டுக்கு அனுப்ப இந்தியாவில் தடை உண்டு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998இல் இதனை அழிவாய்ப்புள்ள இனமாக மதிப்பிட்டது. அதற்கு முன்பே தமிழ்நாடு 1994இல் ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றி, பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தையும் முன்னனுமதியின்றி வெட்டலாகாது என்று விதித்தது. கேரளத்தில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி ஆகியவை அரசமரங்கள் எனப்பட்டு, அரசு பட்டயமளித்த நிலங்களில் அவற்றின் உரிமை அரசிடமே நிறுத்தப்பட்டது. அங்கு 2020இல் பிறந்த ஓர் அரசாணையைச் சாக்காகக் கொண்டு வயநாட்டு முட்டில் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட ஈட்டிகள் வெட்டப்பட்டன. ஆணை சில திங்களில் திரும்பப் பெறப்பட்டது. வெட்டப்பட்டவை காட்டில் அரிதாகிவிட்ட பருமனுள்ள மரங்கள். குடகின் காப்பித் தோட்டங்களிலோ, மரமதிப்பு செலுத்தி மீட்கப்படாத நிலங்களில் ஈட்டியின் உரிமை அரசுக்கு உரியது. தோட்டக்காரர் அதனைக் காக்கலாம், அதன் நிழலில் காப்பி வளர்க்கலாம், ஆனால் அதன் பயனை நினைத்தபோது அடைய முடியாது. இத்தகைய சட்டங்கள் நின்ற மரங்களைக் காத்துள்ளன என்பதில் ஐயமில்லை. அவையே, தன் நிலத்தில் தானாக முளைக்கும் ஈட்டிக் கன்றை விவசாயி வளரவிடாமல் பிடுங்குவதற்கும் காரணமாகின்றன. தடையின்றி வெட்டி விற்கக்கூடிய ஆஸ்திரேலியச் சில்வர் ஓக், மலைத்தோட்டங்களில் நாட்டு மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது தற்செயலாக நேர்ந்ததன்று. வெட்டும் உரிமையைக் கட்டுப்படுத்துவது போலவே, நட்டு வளர்த்தவரின் உரிமையைப் பதிவுசெய்து உறுதிப்படுத்துவதும் சட்டத்தின் கடமையாக வேண்டும்.

வளர்ப்பதற்கு இம்மரம் இணங்காதது அன்று. இந்தோனேசியாவின் ஜாவாவில் சோனோகெலிங் என்ற பெயரில் இது தேக்குத் தோட்டங்களோடும் வீட்டுத் தோப்புகளோடும் சேர்த்துப் பரவலாக வளர்க்கப்படுகிறது. இன்று உலகச் சந்தைக்கு வரும் ஈட்டியில் பெரும்பங்கு அங்கிருந்தே செல்கிறது. இளமையிலேயே வெட்டப்படும் தோட்ட மரத்தில் வெள்ளை அகன்றும் வைரம் ஒடுங்கியும் நிறம் வெளுத்தும் இருப்பது இயல்பு. கழுத்துப்பலகைக்கும் சிறு கைப்பிடிகளுக்கும் அது போதும். அகன்ற மென்தகட்டுக்கும் பதிப்பு வேலைக்கும் காத்திருந்த மரமே வேண்டும். அவரைக் குடும்பத்து மரமாதலால் அதன் வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. காப்பிக்கும் மிளகுக்கும் நிழல் தந்துகொண்டே அது பருக்கலாம். விதையிலிருந்து முளைப்பது சீரற்றது எனினும், வேரிலிருந்து கன்று விடும் ஆற்றல் ஈட்டிக்கு மிகுதி. மண்ணுக்குள் படர்ந்த வேர் மண்வெட்டி பட்டோ, மாட்டுக் குளம்பு மிதித்தோ காயமுற்ற இடத்திலும், தாய்மரத்தை வெட்டியபின் அடிக்கட்டையைச் சுற்றிலும், பல மீட்டர் தொலைவு வரை கன்றுகள் வரிசையாக எழும். காட்டுத்தீயிலிருந்தும் மேய்ச்சலிலிருந்தும் சில ஆண்டுகள் காக்கப்பட்டால் அவற்றுள் ஒன்றிரண்டு மரமாகி நிற்கும். அதன் நடுவில் வைரம் கட்டத் தொடங்குவது அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பின்.